ரோமானிய வெள்ளிக் காசு யாரிடம் பேசியது?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ரோமானிய வெள்ளிக் காசான தினாரியஸைப் பற்றி எங்கே படித்தாலும் "அந்தக் காலத்து அரசியல் பிரசாரம்" என்றே எழுதுகிறார்கள். ஆனால் 18, 19 மி.மீ. அகலமுள்ள ஒரு வெள்ளி வில்லையின் படத்தைப் பார்த்து எவன் மனம் மாறியிருப்பான், இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கதைதானே என்பது உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. படத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? அது யாரை நோக்கிப் பேசியது? பேசியது பலித்ததா? முதல் கேள்விக்கு, குடியரசுக் காலத்தைப் பொறுத்தவரை, உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு ஓரளவு உண்டு. மூன்றாவதற்கு நேரடிச் சான்று கிட்டத்தட்ட இல்லை. முதலாவதற்கான சான்றைக் காட்டி மூன்றாவதை நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் கட்டுரைகள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். கார்த்தேஜின் தளபதி ஹனிபாலோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, கி.மு. 211 வாக்கில், தினாரியஸ் பிறந்தது. ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 72 காசு என்ற கணக்கு. ஒரு காசு ஏறக்குறைய 4.5 கிராம். சில ஆண்டுகளிலேயே அது ராத்தலுக்கு 84 ஆகி, எடை 3.9 கிராமுக்கு இறங்கியது. தலைக்குப் பின்னால் ஒரு பெருக்கல் குறி போல இருப்பது ரோமானிய எண் 10. அதாவது 10 வெண்கல 'ஆஸ்' மதிப்பு. கி.மு. 140-ஐ ஒட்டி அது 16 ஆஸ் ஆக மாற்றப்பட்டது. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி, பின்பக்கம் குதிரையில் பாயும் இரட்டையர் கேஸ்டரும் போலக்ஸும், கீழே 'ரோமா' என்ற எழுத்து. இரட்டையருக்குப் பதில் தேர் ஓட்டும் நிலா தேவியோ வெற்றித் தேவியோ வருவதைத் தவிர, ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்குப் பெரிய மாற்றமில்லை. இந்தக் காலத்துக் காசில் அரசியலைத் தேடி அலைவது வீண் வேலை. அது அரசின் முத்திரை, அவ்வளவே.

அச்சிடும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தேய்மானத்துக்கும் திட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. முன்பக்க அச்சு பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். சூடாக்கிய வெற்று வில்லையை அதன்மேல் வைத்து, பின்பக்க அச்சைக் கையில் பிடித்து மேலே நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அடியை நேரே வாங்குவது பின்பக்க அச்சு என்பதால் அது சீக்கிரம் தேயும், உடையும்; அடிக்கடி மாற்றுவார்கள். வில்லை சற்று நகர்ந்தால் படம் ஓரத்துக்குப் போய் எழுத்து பாதி வெளியே விழும். எழுத்து அரைகுறையாக இருக்கும் காசைப் போலி என்றோ, வாசகத்தை வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்றோ முடிவுகட்டுவது புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

இந்த வேலைக்குப் பொறுப்பாக ஆண்டுக்கு மூன்று இளைஞர்கள் நியமிக்கப்பட்டார்கள். பதவி ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர்கள். செனட்டுக்குள் இன்னும் நுழையாதவர்கள். காசு அடிக்கும் இடமான அக்கசாலை இருந்தது ரோமின் கேப்பிடல் குன்றில், ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'மணி' என்ற சொல்லே அந்த மொனேட்டாவிலிருந்து வந்ததுதான். கி.மு. 130-களில் இந்த இளைஞர்கள் ரோமா தேவியை விட்டுவிட்டுத் தங்கள் குடும்பப் பெருமையைக் காசில் ஏற்றத் தொடங்கினார்கள். கி.மு. 137-இல் ஒருவர் ஓநாயிடம் பால் குடிக்கும் ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளையும், அவர்களைக் கண்டெடுத்த இடையன் ஃபாஸ்டுலஸையும் போட்டார். காசிலுள்ள 'ஃபோஸ்ட்லஸ்' என்ற எழுத்தை அவருடைய குடும்பப் பெயராகவே படிப்பவர்களும் உண்டு. 135-இல் மினுசியஸ் குடும்பத்தவர் ஒருவர், தன் முன்னோருக்கு எழுப்பப்பட்ட தூணை அச்சாக்கினார். இவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை; அடுத்த ஆண்டுக்காரர் வந்ததும் முந்தைய குடும்பம் மறைந்து இன்னொரு குடும்பம் முளைத்துவிடுகிறது.

ஏன் அப்போது? 139-இல் கபினியஸ் சட்டம் தேர்தலில் ரகசிய வாக்கைக் கொண்டுவந்தது. அதுவரை வாக்காளன் வாயால் சொல்ல வேண்டும். தலைவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். இனிமேல் அப்படி மிரட்ட முடியாது, பெயரை மனத்தில் பதியவைக்க வேறு வழி வேண்டும், ஆகவே காசு என்று ஒரு விளக்கம் உண்டு. காலம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இது ஊகம்தான். அக்காலத்தவர் யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை. வாக்குரிமை காசிலேயே ஏறியது என்பது மட்டும் உறுதி. கி.மு. 113 வாக்கில் லிசினியஸ் நெர்வா வெளியிட்ட காசில், வாக்களிக்கும் ஒடுக்கமான பாலத்தின்மேல் இருவர். ஒருவன் கீழே நிற்கும் ஊழியரிடம் வாக்குப் பலகையை வாங்குகிறான், மற்றவன் பெட்டியில் போடுகிறான். ரோமானியர் எப்படி வாக்களித்தார்கள் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் அரிய படம் அது. ஆறே ஆண்டுகளுக்கு முன்பு, 119-இல், வாக்காளனைப் பாலத்தில் யாரும் மறித்துத் தொல்லை தராதபடி பாலத்தைக் குறுக்கும் சட்டத்தை மேரியஸ் கொண்டுவந்திருந்தார். படம் அதைத்தான் சொல்கிறதா என்றால், இருக்கலாம் என்பதற்குமேல் நான் போகமாட்டேன். பின்னர் கி.மு. 63-ஐ ஒட்டி வந்த காசியஸ் லாங்கினஸின் காசில் டோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்த ஒருவர் பெட்டிக்குள் போடும் பலகையில் ஒற்றை எழுத்து தெரிகிறது: 'நீ கேட்டபடியே ஆகட்டும்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்து. நீதிமன்றங்களுக்கும் ரகசிய வாக்கைக் கொண்டுவந்தது 137-இல் ஒரு காசியஸ். பெருமைக்குக் காரணம் கைவசம் இருந்தது.

காசு உண்மையை எவ்வளவு வளைக்கும் என்று பார்க்க ஒரு காசைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கி.மு. 58-இல் ஸ்காரஸ், ஹிப்சேயஸ் என்ற இரு அதிகாரிகள் வெளியிட்டது. ஓர் ஒட்டகம் வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. அதன் முன்னால் ஒருவன் மண்டியிட்டு, கடிவாளத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையில் ஆலிவ் கிளையை நீட்டுகிறான். கீழே 'ரெக்ஸ் அரேடாஸ்', அதாவது அரசன் அரேடாஸ். பெட்ராவை ஆண்ட நபதேய அரசன் சரணடைகிறான் என்று யாரும் புரிந்துகொள்ளலாம், எழுத்தே தெரியாவிட்டாலும். நடந்தது என்ன? கி.மு. 62-இல் ஸ்காரஸ் பெட்ராவை நோக்கிப் படை நடத்தி, உணவில்லாமல் திண்டாடி, 300 தாலந்து (பழங்கால எடை அளவு) வெள்ளி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். பணம் வாங்கிய பேரம், காசில் மண்டியிட்ட சரணாகதி ஆகிவிட்டது. பாட்டன் பெருமையை விட்டு ஒருவர் தன் சொந்தச் சாதனையையே போட்டுக்கொண்டதும் இங்கேதான் தொடங்குகிறது. அந்த மண்டியிடும் உருவம் ஓர் அச்சுமரபாகவே நிலைத்தது. கி.மு. 20-இல் ரோமின் கிழக்கு எதிரிகளான பார்த்தியர்கள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ரோமானியப் படைக்கொடிகளைத் திருப்பித் தந்தபோது, முதல் பேரரசன் அகஸ்டஸின் காசுகளில் பார்த்தியன் ஒருவன் அதே தோரணையில் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறான். போரே நடக்காத இடத்தில் காசு ஒரு வெற்றியைக் காட்டுகிறது.

சீசருக்கு வருவோம். கி.மு. 49-இல் அவர் பெயரில் வந்த யானைக் காசு குடியரசுக் காலத்தின் மிகப் பெரிய வெளியீடுகளில் ஒன்று. எத்தனை லட்சம் என்று சிலர் துல்லியமாகச் சொல்வார்கள், அதை நம்பிவிடாதீர்கள். கிடைத்த காசுகளை ஒப்பிட்டு எத்தனை அச்சுகள் பயன்பட்டன என்று கணக்கிடலாம், அது திடமான முறை. ஆனால் ஓர் அச்சு 10,000 காசு அடித்ததா, 30,000 அடித்ததா என்பது வேறொரு ஊகம். அதைப் பெருக்கினால் விடை மூன்று மடங்கு மாறும். படத்துக்கும் அதே கதி. யானை மிதிப்பது பாம்பையா, கால் (Gaul) நாட்டு மக்களின் பாம்புத்தலைப் போர்க்கொம்பையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பியூனிக் மொழியில் 'சீசர்' என்றால் யானை என்ற கதை பல நூற்றாண்டு பிந்தியது. சந்தேகமில்லாதது மறுபக்கம்: சடங்குக் கரண்டி, தெளிப்பான், கோடரி, பூசாரியின் கூர்முடி. கி.மு. 63 முதல் சீசர் வகித்த தலைமைக் குருப் பதவியின் கருவிகள் அவை. சட்டப்படி படைத்தலைமை பறிபோய், தலைநகரையே எதிர்த்துப் படை நடத்துகிறவர், எவராலும் பறிக்க முடியாத ஒரே பதவியைக் காசில் காட்டுகிறார். அரசியல் அங்கே இருக்கிறது, யானையில் இருப்பதைவிட அதிகமாக.

ரோமின் அக்கசாலையில் உயிரோடிருக்கும் ரோமானியரின் முகம் காசில் ஏறியது கி.மு. 44-இன் தொடக்கத்தில். ஒட்டிய கன்னம், மடிப்பு விழுந்த நீண்ட கழுத்து, நெற்றிவரை இறங்கிய மாலை. வழுக்கையை மறைக்கவே சீசர் மாலையை விரும்பினார் என்கிறார் வாழ்க்கை வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். பழைய எத்ருஸ்க அரசர்களின் தங்க மாலை அது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. 'டிக்ட் பெர்பெட்டுவோ' என்ற வாசகம், அதாவது நிரந்தரச் சர்வாதிகாரி, உள்ள காசுகள் அந்தப் பட்டம் வந்ததற்கும் சீசர் கொல்லப்பட்ட மார்ச் 15-க்கும் இடைப்பட்ட சில வாரங்களைச் சேர்ந்தவை. அவசரத்தில் அடித்தது கண்ணுக்கே தெரியும். ஓரம் வெடித்தவை, படம் நகர்ந்தவை ஏராளம். எதிர்முனையில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ். இளைஞராக, கி.மு. 54-இல், அக்கசாலை அதிகாரியாக இருந்தபோதே அவர் ஒரு பக்கம் 'லிபர்டாஸ்' என்ற பெயரோடு சுதந்திர தேவியின் தலையையும், மறுபக்கம் அரசர்களை விரட்டிய பழைய புரூட்டஸ் காவலர் சூழ நடப்பதையும் போட்டவர். கொலைக்குப் பின், 43–42-இல், அவரோடு நகர்ந்த படை அக்கசாலையில் அடித்த 'ஈத் மார்' காசில் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலைபெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே மார்ச் 15-ஐக் குறிக்கும் எழுத்து. வாள்களின் பிடிகள் ஒன்றுபோல் இருக்காது. கையில் கிடைத்தால் அதைப் பாருங்கள். ஆனால் காசைத் திருப்பினால் புரூட்டஸின் சொந்த முகம்! தன் முகத்தைக் காசில் போட்டவனைக் கொன்றதற்கான கொண்டாட்டத்தைத் தன் முகத்தோடு வெளியிட்டிருக்கிறார். பழைய எழுத்தாளர் ஒருவர், காசியஸ் டியோ, இந்தக் காசின் படத்தைச் சரியாக விவரித்து அதன் பொருளையும் சொல்கிறார். இப்படி நடப்பது அபூர்வம். வெள்ளியில் இன்று தெரிந்தவை 100-ஐ ஒட்டித்தான். சந்தைக்கு வரும் 'ஈத் மார்' காசை முதலில் போலி என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. 2020-இல் லண்டனில் உலகச் சாதனை விலைக்கு ஏலம் போன தங்கப் பிரதிகூட, கைமாறிய வரலாற்றுத் தாள்கள் பொய் என்று தெரிந்து 2023-இல் கிரேக்கத்துக்குத் திரும்பியது.

இந்தக் காசுகள் யார் கைக்குப் போயின? முதலில் படைவீரனின் கைக்கு. சீசர் காலத்திலிருந்து ஒரு காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ், மூன்று தவணையாக. உள்நாட்டுப் போரில் வெள்ளி அடிப்பதே சம்பளத்துக்காகத்தான். இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் சீசரின் பழைய தளபதி ஆன்டனி. கி.மு. 32–31-இல், ஆக்டியம் போருக்கு முன், ஒரு பக்கம் துடுப்புக் கப்பல், மறுபக்கம் இரண்டு கொடிகளுக்கு நடுவே கழுகு, கீழே படையணியின் எண். ஒவ்வொரு லீஜியனுக்கும் (படையணிக்கும்) தனித்தனி எண்ணோடு 23 வரை போகிறது. வீரனுக்கு வாசிக்கத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் தன் அணியின் எண். ஆன்டனி இந்தக் காசில் இரும்பைக் கலந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறை சொல்கிறார். கலந்திருப்பது செம்புதான், வெள்ளி கொஞ்சம் குறைவு. வினோதம் என்னவென்றால் அந்தக் குறையே காசின் ஆயுளைக் கூட்டியது. நல்ல வெள்ளியை மக்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். ஆன்டனியின் காசைச் செலவழித்துத் தள்ளினார்கள். இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும், கப்பல் வெறும் மேடாகத் தேய்ந்த நிலையில், அது புதையல்களில் வருகிறது. கி.பி. 193-இல் ஆட்சியைப் பிடித்த செவரஸ் தன்னை ஆதரித்த படையணிகளுக்கு அதே கழுகு, அதே கொடிகள், அணியின் எண் என்று அடித்தது அந்தப் படம் மறக்கப்படவில்லை என்பதற்கு நல்ல சான்று.

பேரரசுக் காலத்தில் நிலைமை மங்கலாகிறது. அக்கசாலை இளைஞர்களின் பெயர்கள் அகஸ்டஸ் காலத்திலேயே வெள்ளியிலிருந்து மறைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு படத்தை முடிவுசெய்தது பேரரசனா, கருவூல அதிகாரியா, பேரரசனை மகிழ்விக்க விரும்பிய கீழ்மட்ட ஆளா என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. 1950-களில் வரலாற்றாசிரியர் ஏ. எச். எம். ஜோன்ஸ், இந்தப் படங்களுக்கு அஞ்சல் தலைப் படங்களுக்குரிய முக்கியத்துவத்துக்கு மேல் தர வேண்டாம் என்ற பாணியில் எழுதினார். 1980-களில் இன்னொரு வரலாற்றாசிரியர் பார்பரா லெவிக் இன்னும் நுட்பமாகச் சொன்னார்: படங்கள் மக்களை நோக்கியவையே அல்ல, பேரரசனை நோக்கி நீட்டிய பாராட்டு. மின்தேடலில் எளிதில் சிக்கும் "பிரசாரம்" என்ற சொல்லைவிட இந்த விளக்கம் எனக்குப் பல காசுகளில் பொருத்தமாகப் படுகிறது. பேரரசன் டொமீஷியனின் தினாரியஸ்களை வரிசையாக வைத்தால், மினர்வா தேவி நான்கு தோரணையில் ஆண்டுக்கணக்காக நின்றுகொண்டேயிருப்பாள். யாரையும் வசப்படுத்தும் முயற்சி அதில் இல்லை, அரசனின் இஷ்டதெய்வம் அவ்வளவே. ஆனால் கி.பி. 69-இல் மூன்றே மாதம் ஆண்ட ஓத்தோ, உள்நாட்டுப் போர் மூண்டுகொண்டிருக்கும்போது 'பாக்ஸ் ஓர்பிஸ் டெர்ராரும்', உலகெங்கும் அமைதி, என்று வெள்ளியில் அடித்தார். அதைப் பாராட்டு என்று சொல்ல முடியாது; வாக்குறுதி என்றால் பொருந்தும்.

இப்படிப்பட்ட காசுகளிடம் ஏமாறாமல் இருக்க ஓர் எச்சரிக்கை. பேரரசன் நெர்வாவின் காசில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும், சுற்றிலும் 'கொன்கோர்டியா எக்ஸர்சிடூம்', படைகளின் ஒற்றுமை. கி.பி. 97-இல் மெய்க்காவல் படை நெர்வாவுக்கு எதிராகக் கலகம் செய்தது. ஆகவே இல்லாத ஒற்றுமையைக் காசு கூவுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் அந்தப் படம் கலகத்துக்கு முந்தைய ஆண்டே, அவர் பதவியேற்ற 96-லேயே, வந்துவிட்டது. பதவி எண்களை வாசித்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

அந்த வாசிப்பு கடினமில்லை. பேரரசுக் காசில் முன்பக்க எழுத்து பெரும்பாலும் கடிகாரத்தின் 7 மணி இடத்தில் தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது, எல்லாம் சுருக்கம், 'உ' ஒலிக்கும் 'வ' ஒலிக்கும் ஒரே கூர்முனை எழுத்து. முதலில் பெயரைப் பிரியுங்கள். பிறகு 'டி ஆர் பி' என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். அது ட்ரிபியூன் (மக்கள் பிரதிநிதி) அதிகாரம், ஆண்டுதோறும் எண் ஒன்று கூடும், எனவே ஆண்டைக் காட்டும். 'சி ஓ எஸ்' என்பது கான்சல் என்ற தலைமை ஆட்சிப் பதவி, எப்போதாவதுதான் ஏறும். பேரரசன் டிராஜனின் காசில் அது 5 என்றால் கி.பி. 103 முதல் 111 வரை, 6 என்றால் 112 முதல் 117 வரை. இடையில் வேறு எண் இல்லை. 'எஃப்' என்பது பெரும்பாலும் மகன். 'டிவி எஃப்' என்றால் தெய்வமாக்கப்பட்டவரின் மகன். 'அவ்க்' என்ற பேரரசர் பட்டத்தின் கடைசி எழுத்து இரட்டித்திருந்தால் இரண்டு பேரரசர்கள், மும்முறை இருந்தால் மூவர். கி.பி. 286-இல் பிரிட்டனைத் தனியே பிடித்துக்கொண்ட கராசியஸ், தன் காசுகள் சிலவற்றில் அந்த எழுத்தை மூன்றாகப் போட்டு, ஆண்டுகொண்டிருந்த பேரரசர்கள் டயக்ளீஷியனையும் மேக்ஸிமியனையும் அவர்கள் சம்மதமில்லாமலேயே தன் சகாக்கள் ஆக்கிக்கொண்டார். அதே கராசியஸ், மற்ற இடங்களில் வெள்ளிப் பூச்சுக் காசே ஓடிய காலத்தில், நல்ல வெள்ளி அடித்து அதன் அடியில் 'ஆர் எஸ் ஆர்' என்று பொறித்தார். அது ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நான்காம் இடையர் பாடலில் வரும் மூன்று சொற்களின் முதலெழுத்து, பொற்காலம் திரும்புகிறது என்று பொருள், என 1998-இல் கை டி லா பெடோயர் (Guy de la Bédoyère) என்ற ஆய்வாளர் காட்டினார். வாசிக்கத் தெரிந்த மேலதிகாரிகளுக்கு மட்டுமே எட்டும் குறிப்பு அது. கடைத்தெருவுக்கானது அல்ல.

மக்கள் படத்தைப் பார்த்தார்களா என்பதற்கு உதிரிச் சான்றுகள் உண்டு. நற்செய்தி நூல்களில் இயேசு ஒரு தினாரியஸைக் காட்டச் சொல்லி "இது யாருடைய உருவம்?" என்று கேட்டதும் "சீசருடையது" என்ற பதில் தயங்காமல் வருகிறது. மகர ராசிப் படத்தோடு அகஸ்டஸ் வெள்ளிக் காசு வெளியிட்டதைச் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார். நாம் 'பூவா தலையா' என்று சுண்டுவதுபோல ரோமானியச் சிறுவர்கள் 'தலையா கப்பலா' என்று சுண்டினார்கள். ஜேனஸ் தெய்வத்தின் தலையும் கப்பல் முகப்பும் கொண்ட வெண்கலக் காசு வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆன பிறகும் அப்படியே சொன்னார்கள். ஆக, பார்த்தார்கள். குறிப்பாக முகத்தை. பின்பக்கத்தில் நின்ற நீதி தேவிக்கும் சமநிலைத் தேவிக்கும் வித்தியாசம் கண்டார்களா என்பதை இவை எதுவும் சொல்லவில்லை. 1929-இல் பல்கேரியாவின் ரெகா தெவ்னியாவில் கிடைத்த புதையலில் மட்டும் 81,000-க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் பதிவாகியிருக்கின்றன; அதை வைத்து எந்தத் தேவி எவ்வளவு அடிக்கடி வந்தாள் என்று எண்ணலாம். எண்ணியும் இருக்கிறார்கள். அது அரசு எதைத் திரும்பத் திரும்பச் சொன்னது என்பதைக் காட்டும், கேட்டவன் காதில் என்ன விழுந்தது என்பதைக் காட்டாது.

காசு பேசியதில் உலோகமும் ஒரு பங்கு. அகஸ்டஸ் காலத்தில் வெள்ளி 97, 98 சதவீதம். கி.பி. 64-இல் நீரோ எடையை ராத்தலுக்கு 96 காசாகக் குறைத்து, வெள்ளியின் அளவையும் இறக்கினார். எவ்வளவு இறக்கினார்? பழைய நூல்களில் 93 சதவீதம் என்று இருக்கும். ஆய்வாளர்கள் கெவின் புட்சரும் மேத்யூ பான்டிங்கும் காசின் உட்புறத்திலிருந்து துளைத்து எடுத்துப் பார்த்தபோது சுமார் 80 சதவீதம்தான் வந்தது. காரணம் எளிது: வில்லையைச் சூடாக்கி அமிலத்தில் கழுவும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு வெளியேறி, வெள்ளி மிகுந்த தோல் ஒன்று உருவாகும். மேலே மட்டும் தொடும் எக்ஸ்-கதிர் சோதனை அந்தத் தோலைத்தான் அளக்கும். நகைக்கடை எக்ஸ்-கதிர்க் கருவியில் காட்டி "95 சதவீதம்" என்று சொல்கிறவர்களுக்கும் இதே விபத்துதான். வீட்டில் ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்பது) பார்க்கிறவர்கள் இன்னொரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 3.80 கிராம் காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் 0.37 கிராம் குறையும், வகுத்தால் 10.27. தராசு 0.01 கிராம் தவறினால் விடை 10.00 ஆகலாம், 10.56-உம் ஆகலாம். ஆனால் 98 சதவீத வெள்ளிக்கும் 80 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடே 10.45-க்கும் 10.14-க்கும் இடைப்பட்டதுதான். ஆகவே இரண்டு தசம இடம் காட்டும் தராசால் நீரோவின் சீர்திருத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது; செம்பு வில்லைமேல் வெள்ளி போர்த்திய பழங்காலக் கள்ளக்காசை, 9-ஐ ஒட்டி வருவதை, கண்டுபிடிக்கலாம். மூன்று தசம இடம் இருந்தால் மேலே பேசலாம். காற்றுக் குமிழி ஒட்டாமல் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் புதையல்கள் உங்கள் கேள்விக்கு எதிர்பாராத ஒரு வெளிச்சம் தருகின்றன. கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி இரண்டே வகை. ஒன்று அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசன் டைபீரியஸின் தலையும், கிளை ஏந்தி அமர்ந்த பெண்ணும் உள்ளது. மற்றொன்று அகஸ்டஸின் தலை. பின்பக்கம் அவருடைய வாரிசுகளான கையஸ், லூசியஸ் என்ற இரு பேரன்கள் கேடயத்தில் கை வைத்து நிற்க, மேலே சடங்குக் கருவிகள். இந்த இரண்டாவது வகை ஒரு வாரிசு அறிவிப்பு, அப்பட்டமான அரசியல். லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் இறந்துவிட்டார்கள். செய்தி செத்துப்போன பிறகும் காசு கடல் தாண்டி வந்துகொண்டேயிருந்தது. பழைய நல்ல வெள்ளி என்பதற்காகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்பது பரவலான விளக்கம். கைப்பற்றிய தினாரியஸ்களில் முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைக் கண்டு இலங்கை அரசன் ரோமானியரின் நேர்மையை மெச்சினான் என்று பிளினி ஒரு கதை சொல்கிறார். ரோமானியர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டது என்பதால் அதை அரை மனத்தோடு வாசிக்க வேண்டும். இந்தியாவில் இந்த இரு வகைகளுக்கும் உள்ளூர் நகல்களும் கிடைத்திருக்கின்றன. உங்களுக்கு அப்படி ஒன்று காட்டப்பட்டால் இளவரசர்கள், கேடயம், ஈட்டி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சுற்றியுள்ள எழுத்தைப் பாருங்கள். கோடும் வட்டமும் வளைவுமாக ஒரு வரிசை இருக்கும், எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் சொல் வராது. அச்சு வெட்டியவருக்குப் படம் தெரிந்திருந்தது, எடை தெரிந்திருந்தது. அகஸ்டஸின் பேரன்களைத் தெரியாது.